பதினாறு நிமிடக் கடன்

சதுப்பு ஒரு நாள் முழுக்கப் பேசுவதைக்
கேட்டு முடிக்க
என் கணினிக்கு இருபத்தாறு மணி நேரம் ஆகிறது.

நாளுக்கு இரண்டு மணி நேரம் பிந்துகிறேன்.
ஒரு மாதமாக.
வெளியே இன்று வியாழன்;
பெருங்கொக்குகள் நேற்றே ரேசெக்னெயைக் கடந்து
தெற்கே போய்விட்டன, சத்தம் போட்டுக்கொண்டே.
என் திரையில் செவ்வாய்க்கிழமை
இப்போதுதான் விடிகிறது.
போனவை இன்னும் கிளம்பவில்லை.

நாலு புள்ளி இரண்டு கிகாஹெர்ட்ஸ்.
நாலு புள்ளி ஆறுக்கு ஏற்றினால்
நாளொன்று நாளுக்குள் அடங்கும்.
காகிதத்தில் வகுத்துப் பார்த்தேன்,
இருமுறை.

குந்தார்ஸிடம் கேட்டேன்.
டிராக்டர் எஞ்சின் பிரிப்பவன்,
குளிர்காலம் முழுக்கக் கணினி பிரிப்பவன்.
"எரிந்துபோகும் என்றுதானே பயம்?
எரியாது. அதற்குள் அதுவே அணைந்துகொள்ளும்.
நீ பயப்பட வேண்டியது வேறு"
என்றவன்
அது என்னவென்று சொல்லுமுன்
யாரோ அவனை நெல்லிக்காய் ஊறுகாய்க்குக் கூப்பிட்டார்கள்.
போனை வைத்துவிட்டான்.

உத்தரவாதச் சீட்டை எடுத்துப் படித்தேன்.
இன்னும் பதினொரு மாதம்.
மடித்து, அடுப்பு விறகுக்குப் பக்கத்தில்,
ஆனால் விறகோடு அல்லாமல்,
வைத்தேன்.

பழைய பசையைத் துடைத்தேன்.
புதுப் பசை, பட்டாணி அளவு.
ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தேன்;
இந்த நாட்டில் குளிர் மட்டும்
யாருக்கும் இலவசம்.

ஒவ்வொரு படியாகத்தான் ஏற்றினேன்.
நாலு மூன்று: எழுபத்து நாலு டிகிரி.
நாலு நாலு: எழுபத்து ஒன்பது.
நாலு ஐந்து.
நாலு ஆறில் திரை நீலமாகி விழுந்தது.
வோல்டேஜைத் துளி கூட்டினேன்,
உப்புப் போடும் கை போல,
போட்டால் எடுக்க முடியாது என்று தெரிந்து.
எண்பத்தெட்டு.
நின்றது.
இரவெல்லாம் சோதனை ஓட்டியும்
நின்றது.

காலையில் காபியோடு வந்து
வெற்றி பெற்றவள்போல் உட்கார்ந்தேன்.
ஆனாலும் ஒரு சந்தேகம்:
ஏற்கெனவே முடித்த ஒரு செப்டம்பர் நாளை
மறுபடி கொடுத்தேன் அதனிடம்.
முன்பு எண்ணூற்றுப் பன்னிரண்டு குரல்கள்.
இப்போது எண்ணூற்றுப் பதின்மூன்று.

அந்தப் பதின்மூன்றாவது
ஒரு குயில்.
அதிகாலை மூன்று நாற்பதுக்கு.
குயில்கள் ஆகஸ்டிலேயே போய்விடும் இங்கிருந்து.

வசந்தத்தில் முதல் குயில் கூவும்போது
பையில் காசிருந்தால்
ஆண்டு முழுக்கக் காசிருக்கும் என்பார்கள்.
கை தானாகப் பைக்குப் போனது.
இரண்டு யூரோ.
பிறகு ஒலிப்பதிவைத் திறந்து
மூன்று நாற்பதைக் கேட்டேன்.
நாணல். காற்று.
மறுபடி கேட்டேன்.
காற்று. நாணல்.

புகை இல்லை. கருகல் வாடை இல்லை.
விழவில்லை, முனகவில்லை.
எங்கோ ஒரு பூஜ்யம் மட்டும்
அவசரத்தில் ஒன்றாகி,
இல்லாத பறவையை
முகம் மாறாமல் எழுதிவைத்திருக்கிறது.
இதைத்தான் சொல்ல வந்திருப்பான் குந்தார்ஸ்.

இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் கூட்டலாம்.
கூட்டினால் குயில் போய்விடலாம்.
அல்லது,
நான் சந்தேகப்படாத ஒரு பறவையாக வரலாம்,
இந்தச் சதுப்பில் எப்போதும் இருக்கும் வாத்தாக.
அப்போது எந்தச் செப்டம்பரை வைத்து
எந்தச் செப்டம்பரைச் சரிபார்ப்பேன்?

நாலு புள்ளி ஐந்துக்கு இறக்கினேன்.
வோல்டேஜைப் பழைய இடத்துக்கே.
அதே நாள், மூன்று முறை:
பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு.

இருபத்து நாலு மணி, பதினாறு நிமிடம்.
எட்டவில்லை.
நாளுக்குப் பதினாறு நிமிடம்
இன்னும் கடன்தான்.

இருக்கட்டும்.
மூன்று வாரத்தில் ஏரி உறையும்;
ஒலிவாங்கிகளைக் கழற்றிப் பெட்டியில் வைப்பேன்.
அதற்கப்புறம் மூன்று நாள்
எதுவும் பேசாத பனியின் பக்கத்தில்
இது மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்,
போய்விட்ட கொக்குகள்
ஒவ்வொன்றாகக் கிளம்புவதை.

ஜன்னலை மூடவில்லை.
விசிறியின் ஓசையில் காபி ஆறியது.
திரையில் செவ்வாய்,
காலை ஏழு மணி,
மூடுபனி இருக்க வேண்டும்.